பெரிய கோப்புதான் மூலமா?

இணையக் காப்பகத்தில் பழைய படம் ஒன்றைத் தேடிப் பார்த்தவர்களுக்கு இந்தக் குழப்பம் பழக்கமானது. ஒரே படம் ஆறேழு பதிவுகளாக வந்து நிற்கும். ஒரு பதிவைத் திறந்தால் அதற்குள்ளும் நாலைந்து கோப்புகள். ஒன்று 35 மெகாபைட், இன்னொன்று 400, வேறொருவர் ஏற்றிய பதிவில் ‘1080 எச்டி’ என்ற பெயரோடு 540. எதை இறக்குவது? பெரும்பாலோர் யோசிக்காமல் பெரியதைத் தேர்ந்தெடுப்பார்கள். அளவு கூடினால் விவரமும் கூடும், விவரம் கூடினால் அது மூலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என்ற கணக்கு அது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீடியோவைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு அடிக்கடி தப்பாகிப்போகும். எது மூலம், எது மாற்றி எடுத்த நகல் என்பதைக் கோப்பின் பருமனை வைத்துச் சொல்ல முடியாது. அது என்னென்ன இழந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஆமை பெர்ட்டின் படம்

ஒரு நிஜப் படத்தை எடுத்துக்கொள்வோம். ‘டக் அண்ட் கவர்’ என்பது 1951-இல் அமெரிக்காவின் குடிமைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக ஆர்ச்சர் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம் எடுத்த குறும்படம். அணுகுண்டு விழுந்தால் மேசைக்கடியில் பதுங்கித் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு பெர்ட் என்ற கார்ட்டூன் ஆமை சொல்லித்தரும். சுமார் 9 நிமிடம் ஓடும். 2004-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. காப்புரிமைத் தடை இல்லாததால் யார் வேண்டுமானாலும் இறக்கலாம், மாற்றலாம், மறுபடி ஏற்றலாம். அதனால்தான் இதற்கு இத்தனை நகல்கள்.

இது போன்ற ஆயிரக்கணக்கான கல்விப் படங்களையும் விளம்பரப் படங்களையும் 1980-களிலிருந்து தேடிச் சேர்த்தவர் ரிக் பிரெலிங்கர். அவருடைய தொகுப்பை 2002-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வாங்கிக்கொண்டது. அதில் ஒரு பகுதி, 1996-இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

அந்தத் தளத்தில் ஒரு வீடியோவை ஏற்றினால், ஏற்றிய கோப்பு அப்படியே வைக்கப்படும். கூடவே தளத்தின் கணினிகள் அதிலிருந்து சிறிய கோப்புகளைத் தாமாகவே உருவாக்கும். இணைய வேகம் குறைவாக இருந்த நாட்களில், நொடிக்கு 512 கிலோபிட் அளவில் ஒரு சிறு எம்பி4 கோப்பும், ஆக் வகையில் இன்னொன்றும் இப்படி உருவாகின. ஏற்றியவர் கொடுத்ததை முதற்கோப்பு என்றும், தளம் அதிலிருந்து மாற்றி எடுத்ததை வழிக்கோப்பு என்றும் இங்கே அழைப்போம்.

இப்போது ஒரு கணக்குப் போடலாம். 9 நிமிடம் என்பது 540 நொடி. முதற்கோப்பு நொடிக்கு 6 மெகாபிட் வேகத்தில் இருந்ததாக வைத்துக்கொண்டால் அதன் அளவு 405 மெகாபைட். 512 கிலோபிட் வழிக்கோப்பு சுமார் 35 மெகாபைட். யாரோ ஒருவர் அவசரத்தில் அந்தச் சின்னக் கோப்பை இறக்குகிறார். படம் சிறிதாக இருக்கிறதே என்று ஒரு மென்பொருளில் போட்டு 1080 வரிக்குப் பெரிதாக்கி, நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் சேமிக்கிறார். அந்தக் கோப்பின் அளவு 540 மெகாபைட். ‘எச்டி’ என்று பெயர் வைத்து அதைப் புதிய பதிவாக ஏற்றிவிடுகிறார். மூன்றிலும் மிகப் பெரிய கோப்பு இதுதான், மிக ஏழையும் இதுதான். நொடிக்கு 512 கிலோபிட்டில் அடங்கிப்போன விவரத்துக்கு மேல் இதில் ஒரு துளியும் கூடவில்லை. கூடிய 505 மெகாபைட்டும் ஏற்கெனவே மங்கிப்போன ஒரு படத்தை மிகுந்த கவனத்தோடு வருணிக்கச் செலவானவை.

காப்பகத்தின் முத்திரை சொல்வதும் சொல்லாததும்

இன்டர்நெட் ஆர்க்கைவின் ஒவ்வொரு பதிவுக்குள்ளும் ஒரு பட்டியல் கோப்பு இருக்கும். பொதுவாக யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை, ஆனால் இந்த வேலைக்கு அது தங்கம். ஒவ்வொரு கோப்பும் முதலா, வழியா, வழி என்றால் எந்தக் கோப்பிலிருந்து வந்தது, அதன் அளவு என்ன என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். கூடவே எம்டி5, எஸ்எச்ஏ-1 என்ற இரண்டு கைரேகை எண்களும் இருக்கும். கோப்பின் எல்லாப் பிட்டுகளையும் ஒரு வாய்ப்பாட்டில் போட்டு எடுத்த சுருக்கக் குறி அது. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் கைரேகை முழுவதும் மாறிவிடும். வேறு வேறு பதிவுகளில் உள்ள இரண்டு கோப்புகளின் கைரேகை ஒன்றானால் இரண்டும் ஒரே கோப்பு என்று நம்பலாம்.

ஆனால் இந்த முத்திரைக்கு ஓர் எல்லை உண்டு. ‘முதற்கோப்பு’ என்று தளம் சொல்வது அந்த ஒரு பதிவுக்குள் மட்டும்தான் செல்லும். நம்முடைய 540 மெகாபைட் கோப்பு புதிய பதிவாக ஏற்றப்பட்டதால், அங்கே அதற்கும் ‘முதல்’ என்ற முத்திரையே விழும். தளம் பொய் சொல்லவில்லை. தன் வாசலுக்கு வந்தபோது அது எப்படி இருந்ததோ அதைத்தான் குறித்துக்கொண்டது. வாசலுக்கு வெளியே நடந்தது அதற்குத் தெரியாது. கைரேகையும் அப்படித்தான், இரண்டும் ஒன்றா வேறா என்று சொல்லுமே தவிர, வேறு என்றால் எது எதிலிருந்து வந்தது என்று சொல்லாது. படத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் எம்கேவி உறையிலிருந்து எம்பி4 உறைக்கு மாற்றி வைத்தாலே கைரேகை மாறிவிடும். ஆகவே முத்திரையில் தொடங்கலாம், ஆனால் விடை படத்துக்குள்தான் இருக்கிறது.

சுருக்கும்போது என்ன போகிறது

டிவிடியில் உள்ள எம்பெக்-2 போன்ற முறைகள் ஒவ்வொரு ஃப்ரேமையும் பக்கத்துக்கு 8 புள்ளி வீதம் 64 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாக வெட்டுகின்றன. ஒவ்வொரு கட்டத்தையும் 64 எண்களாக மாற்றி எழுதுகின்றன. முதல் எண் கட்டத்தின் சராசரி வெளிச்சம். அடுத்தவை வெளிச்சம் மெல்ல ஏறி இறங்குவதைச் சொல்லும், கடைசியில் வருபவை மயிரிழை போன்ற நுண்கோடுகளைச் சொல்லும். இதுவரை எதுவும் போகவில்லை. இழப்பு அடுத்த படியில் நடக்கிறது. இந்த எண்களை உள்ளபடியே எழுதாமல், குறிப்பிட்ட இடைவெளியில் உள்ள படிகளில் பக்கத்துப் படிக்குத் தள்ளிவிடுகிறார்கள். இதைப் படியாக்கம் என்று சொல்வோம். படியின் உயரம் 5 என்றால் 0, 5, 10, 15 என்ற மதிப்புகள் மட்டுமே உண்டு. 7 வந்தால் 5 ஆகும், 8 வந்தால் 10 ஆகும். படி உயர உயரக் கோப்பு சிறுக்கும், படமும் கெடும். ஒருமுறை 5 ஆகிவிட்ட எண் முன்பு 4-ஆக இருந்ததா, 6-ஆக இருந்ததா, 7-ஆக இருந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

காணாமல்போன எண்கள்

முதல் சுருக்கத்தில் படி 5 என்று கொள்வோம். அதைத் திறந்து, ‘தரம் கூட்டி’ படி 3-இல் மறுபடி சேமிக்கிறார் ஒருவர். படி சிறியது, எனவே கோப்பு பெரிதாகும். நம் எச்டிக்காரர் செய்ததும் இந்த வகைதான். படி 3 என்றால், ஒவ்வொரு மதிப்பையும் 3-ஆல் வகுத்து, பக்கத்து முழு எண்ணைக் கோப்பில் எழுதுவார்கள். முதல் சுருக்கத்திலிருந்து வந்தவை 0, 5, 10, 15, 20, 25, 30 மட்டுமே என்பதை மறக்க வேண்டாம். 5-ஐ 3-ஆல் வகுத்தால் 1.67, அது 2 ஆகும். 10 வகுத்தால் 3.33, அது 3. 15 சரியாக 5. 20 கொடுப்பது 6.67, அது 7. 25 கொடுப்பது 8.33, அது 8. 30 சரியாக 10.

கோப்பில் எழுதப்பட்ட எண்களை வரிசையாகப் பார்த்தால் 0, 2, 3, 5, 7, 8, 10. இதில் 1 இல்லை, 4 இல்லை, 6 இல்லை, 9 இல்லை. மேலே போனால் 11, 14 ஆகியவையும் இல்லை. நேரடியாகப் படி 3-இல் ஒரே ஒருமுறை சுருக்கிய படத்தில் இப்படி நடக்காது. அங்கே 1-உம் இருக்கும், 4-உம் இருக்கும், பெரிய எண்கள் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே போகும். லட்சக்கணக்கான கட்டங்களிலும் 1-உம் 4-உம் 6-உம் 9-உம் மட்டும் ஒதுங்கிக்கொள்ள இயற்கையில் காரணமே கிடையாது. அந்த எண்கள் காணாமல்போயிருக்கின்றன என்றால் இந்தப் படம் இதற்கு முன்பே ஒருமுறை சுருக்கப்பட்டிருக்கிறது. இடைவெளிகளின் அமைப்பை வைத்து முதல் படி 5 என்றுகூட ஊகிக்க முடியும்.

மாறாக முதலில் படி 3-இலும் பிறகு படி 5-இலும் சுருக்கினால்? 3, 6 இரண்டும் 1-க்குப் போகும். 9, 12 இரண்டும் 2-க்குப் போகும். 3-க்கு வந்து சேர்வது 15 மட்டும். மறுபடி 18, 21 இரண்டும் 4-க்கும், 24, 27 இரண்டும் 5-க்கும், 30 மட்டும் 6-க்கும். எந்த எண்ணும் முற்றிலும் காணாமல்போகவில்லை, ஆனால் மூன்றின் மடங்குகள் மட்டும் அக்கம்பக்கத்தைவிடப் பாதியாக மெலிந்து நிற்கும். கோப்பைப் பெரிதாக்கிய நகலில் எண்களே காணோம், சிறிதாக்கிய நகலில் எண்கள் மெலிகின்றன. தன் பருமனைக் காட்டி மூலமாக நடிக்கும் கோப்புதான் இந்தச் சோதனையில் மிகத் தெளிவாக அகப்படுகிறது என்பது எனக்குப் பெரிய நிம்மதி தருகிறது.

வீடியோவில் இந்தத் தடயத்தை 2006-இல் முறையாக எடுத்துக் காட்டியவர்கள் வெய்ஹாங் வாங், ஹேனி ஃபரீத் என்ற இரண்டு ஆய்வாளர்கள். நடைமுறையில் விஷயம் இவ்வளவு சுத்தமாக இருக்காது. இரண்டு சுருக்கங்களுக்கும் நடுவில் புள்ளிகளின் மதிப்பு முழு எண்ணாக்கப்படுவதால் வெற்றிடங்கள் பள்ளங்களாகத் தேயும். பக்கத்து ஃப்ரேமைச் சாராமல் தனியாக எழுதப்படும் ஃப்ரேம்களில்தான் இவை நன்றாகத் தெரியும். இரண்டு முறையும் அதே கட்டம், அதே படி என்றால் தடயம் ஏதும் விழாமலே போகலாம். நடுவில் படத்தைப் பெரிதாக்கியிருந்தாலோ கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இந்தச் சோதனை வலுவிழந்துவிடும்.

ஆனால் பெரிதாக்கியதற்கென்று வேறு தடயம் இருக்கிறது. நம் 512 கிலோபிட் கோப்பின் படம் 240 வரி உயரம். 1080-க்கு இழுத்தால் 4.5 மடங்கு. முதலில் 8 புள்ளிக் கட்டமாக வெட்டப்பட்டிருந்தால் இப்போது அந்த வெட்டுக் கோடுகள் 36 புள்ளிக்கு ஒருமுறை வரும். பெர்ட் நடந்துவரும் காட்சியில் வெறும் வானம் இருக்கும் இடத்தைப் பெரிதாக்கிக் கொஞ்சம் மாறுபாட்டைக் கூட்டிப் பார்த்தால், மெல்லிய சதுரங்கள் 36 புள்ளி இடைவெளியில் தென்படக்கூடும். எந்த வீடியோ முறையும் 36 புள்ளிக் கட்டங்களாக வெட்டுவதில்லை. 36-ஐ 8-ஆல் வகுத்தால் 4.5 வருகிறது. அந்தப் படம் முன்பு எந்த அளவில் இருந்தது என்பதை அதன் தழும்பே சொல்லிவிடுகிறது.

கருவி ஏதும் இல்லாதவருக்கும் ஒரு சோதனை உண்டு. சந்தேகமான 1080 வரிக் கோப்பிலிருந்து ஒரு ஃப்ரேமை எடுத்து 240 வரிக்குச் சுருக்குங்கள், மறுபடி 1080-க்குப் பெரிதாக்குங்கள், பழையதோடு வைத்துப் பாருங்கள். உண்மையான 1080 வரிப் படம் கண்ணுக்குத் தெரியும்படி கெட்டுப்போயிருக்கும். பெரிதாக்கிய படம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், இழக்க அதனிடம் எதுவும் இல்லை. எடுக்கும்போதே மங்கலாக எடுத்த படமும் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்பதால், இந்தச் சோதனையை ஒரே படத்தின் இரண்டு நகல்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்த வேண்டும்.

இழப்புக்கு ஒரே திசை

ஒப்பீடு என்று வந்துவிட்டால் பதிப்பாசிரியர்களின் வழி நமக்கு உதவும். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் கையில் அதை இயற்றிய திருத்தக்கதேவர் எழுதிய ஏடு இல்லை, பல ஊர்களிலிருந்து திரட்டிய நகல்கள்தான் இருந்தன. இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே வரி விட்டுப்போயிருந்தால் இரண்டும் ஒரே தாய் ஏட்டைப் பார்த்து எழுதியவை என்று கொள்ளலாம். ஓர் ஏட்டில் இருக்கும் வரி இன்னோர் ஏட்டில் இல்லை என்றால், வரி இருக்கும் ஏடு இல்லாத ஏட்டிலிருந்து வந்திருக்க வழியில்லை.

வீடியோவுக்கு இதே தர்க்கம் அப்படியே பொருந்தும், இன்னும் கறாராகவே பொருந்தும். முதல் நகலில் ஓர் ஃப்ரேமின் ஓரத்தில் ஒரு பையனின் முழங்கை தெரிகிறது, இரண்டாவதில் அந்த ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது என்றால் முதலாவது இரண்டாவதிலிருந்து பிறந்திருக்க முடியாது. ஒன்றில் படச்சுருளின் மணல்போன்ற துகள் அசைந்துகொண்டிருக்கிறது, மற்றதில் அது வழித்தெடுத்ததுபோல் மழமழவென்று இருக்கிறது என்றாலும் அதே முடிவு. எல்லா நகல்களிலும் உள்ள கீறல் படச்சுருளில் விழுந்தது, அதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. மூன்று நகல்களில் மட்டும் ஒரே நொடியில் ஓர் ஃப்ரேம் துள்ளினால் அந்த மூன்றும் ஒரு குடும்பம். தாயின் குறை பிள்ளைக்கு வரும், பிள்ளையின் குறை தாய்க்குப் போகாது. எத்தனை நகல் இருந்தாலும் இந்த ஒரு விதியை வைத்துக் கொடிவழி வரைந்துவிடலாம்.

சில குறைகள் எத்தனை முறை மாற்றினாலும் அழிவதில்லை. திரைப்படம் நொடிக்கு 24 ஃப்ரேம். இந்தியாவில் பின்பற்றப்பட்ட பால் தொலைக்காட்சி முறை நொடிக்கு 25. பழைய படங்களை அந்த முறைக்கு மாற்றும்போது எளிய வழியாகப் படத்தையே சற்று வேகமாக ஓட்டிவிடுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், பாட்டின் சுருதியும் முக்கால் அரைச்சுரம் போல ஏறிவிடும். இன்று இணையத்தில் ‘எச்டி’ என்று கிடைக்கும் ஒரு பழைய தமிழ்ப் படம் காட்சி ஏதும் குறையாமலே 6 நிமிடம் குறைவாக ஓடினால், பாட்டு இசைத்தட்டைவிடச் சற்றே கீச்சென்று கேட்டால், அது படச்சுருளிலிருந்து நேராக வரவில்லை என்று சந்தேகிக்கலாம். நடுவில் ஒரு டிவிடியோ 352-க்கு 288 புள்ளி கொண்ட விசிடியோ நாடாவோ இருந்திருக்கும். ஒலியிலும் தனியாக ஒரு தடயம் உண்டு. குறைந்த பிட் வேகத்தில் எம்பி3 ஆக்கும்போது 16 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு மேலே உள்ள நுண்ணொலியைப் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். அதைப் பிறகு எவ்வளவு உயர்ந்த வகைக் கோப்பாக மாற்றினாலும், அலைவரிசைப் படத்தில் அந்த இடத்தில் கத்தரித்ததுபோல் ஒரு கூரை தெரியும்.

சொல்லக்கூடிய மறுப்புகள்

இதையெல்லாம் போலியாகச் செய்ய முடியாதா என்று கேட்கலாம். கோப்பின் தலைப்பில் உள்ள தேதியையும் மென்பொருளின் பெயரையும் யாரும் நொடியில் மாற்றலாம், அதை மட்டும் நம்பக் கூடாது என்பது சரி. வழக்கமான மாற்றங்களில் யாரும் அதை அழிக்க மெனக்கெடுவதில்லை என்பதும் சரி. எக்ஸ்264 என்ற சுருக்கு மென்பொருள் தன் பெயரையும் பதிப்பையும் பயன்படுத்திய அமைப்புகளையும் வீடியோவின் ஓடைக்குள்ளேயே எழுதி வைக்கும். யூடியூபிலிருந்து இறக்கிய பல எம்பி4 கோப்புகளில் கூகுள் உருவாக்கியது என்ற குறிப்பும் தேதியும் இருக்கும். 1990-களின் கேமராவில் எடுத்து நேராக ஏற்றியது என்று சொல்லும் கோப்பில் அந்தக் குறிப்பைக் கண்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. காணாமல்போன எண்களையும் 36 புள்ளிச் சதுரங்களையும் மறைப்பது இதைவிடக் கடினம். மறைக்க வேண்டுமானால் படத்தை மேலும் மங்கலாக்க வேண்டும், அப்போது இழப்பின் விதி மறுபடி கைகொடுக்கும்.

செயற்கை நுண்ணறிவு இல்லாத விவரத்தைச் சேர்க்கிறதே, அப்போது இழப்புக்கு ஒரே திசை என்பது உடைந்துவிடாதா என்பது இதைவிடக் கனமான கேள்வி. பெரிதாக்கும் புதிய மென்பொருள்கள் நிஜமாகவே கூர்மையான கோடுகளை வரைகின்றன. ஆனால் அவை வரைவது இந்தப் படத்தில் இருந்ததை அல்ல, இது போன்ற படங்களில் வழக்கமாக இருப்பதை. தூரத்துப் பெயர்ப்பலகையின் எழுத்துகள் எழுத்துபோல இருக்கும், படிக்க வராது. கூட்டத்தில் உள்ள முகங்கள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வேறு வேறாக நெளியும். அதனால் விதியைச் சற்றே திருத்தினால் போதும். கூடுதலாகத் தெரியும் விவரம் வேறொரு தனி நகலிலும் அதே இடத்தில் அதே வடிவில் இருந்தால்தான் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாற்றம் எல்லாமே இழப்புதான் என்றும் சொல்லிவிடக் கூடாது. எஃப்எஃப்வி1 என்ற முறையில் ஒரு புள்ளியும் கெடாமல் சுருக்கலாம். காப்பகங்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்த இதற்கு 2021-இல் இணையத் தர ஆவணமும் வெளிவந்தது. இப்படி மாற்றிய கோப்பு வழிக்கோப்புதான் என்றாலும் மூலத்துக்கு ஈடானது. இதைச் சரிபார்க்கக் கோப்பின் கைரேகை உதவாது. இரண்டு கோப்புகளையும் விரித்து, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தனித்தனியாகக் கைரேகை எடுத்து ஒப்பிட வேண்டும். இலவச மென்பொருளான எஃப்எஃப்எம்பெக் இதைச் செய்துகொடுக்கும்.

கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தால் போதாதா, மூலம் எதற்கு என்பவர்களும் உண்டு. பொழுதுபோக்காகப் பார்ப்பவருக்குப் போதும்தான். ஆனால் வீடியோ சாட்சியாகும்போது நிலைமை வேறு. 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4, இலங்கையில் கைகள் கட்டப்பட்டவர்கள் சுட்டுக்கொல்லப்படும் காட்சி ஒன்றை ஒளிபரப்பியது. கைப்பேசியில் எடுத்தது என்று சொல்லப்பட்டது. இலங்கை அரசு போலி என்றது. 2010 ஜனவரியில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் நிபுணர்களின் ஆய்வை வெளியிட்டு, அது உண்மையானதாகவே தோன்றுகிறது என்றார். விளக்கம் கிடைக்காதவையாக அவரே குறிப்பிட்டவற்றில் ஒன்று, கோப்பில் பதிந்திருந்த 2009 ஜூலை 17 என்ற தேதி. போர் முடிந்தது மே மாதம். இத்தகைய தேதி கேமராவின் தவறான கடிகாரத்திலிருந்து வரலாம், கோப்பை மாற்றிய நாளாகவும் இருக்கலாம். எடுத்த கருவியிலிருந்த முதற்கோப்பு கையில் இருந்தால் இந்த இரண்டில் எது என்று தேடிப் பார்க்க இடமுண்டு. 2011-இல் நீளமான பதிவு ஒன்றை ஆராய்ந்த அடுத்த அறிக்கையாளர் கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸும் காட்சிகள் உண்மையானவை என்ற முடிவுக்கே வந்தார். கொல்லப்பட்டவர்களுக்காகப் பேச வேண்டிய ஒரு சாட்சியம் ஒரு தேதிக் குறிப்பால் இழுபடுவதைப் பார்த்த பிறகு, மூலம் எதற்கு என்று என்னால் கேட்க முடியவில்லை.

கடைசியாக ஒன்று. பிரெலிங்கரின் முதற்கோப்பே படச்சுருளின் நகல்தானே என்று கேட்டால், ஆம். அந்தச் சுருளும் நெகட்டிவிலிருந்து எடுத்த பிரதிதான். மூலம் என்பது எப்போதும் ‘எதற்கு மூலம்’ என்ற கேள்வியோடு சேர்ந்தே வரும். நாம் தேடுவது இன்று கிடைக்கும் நகல்களில் மிகக் குறைந்த படிகளைக் கடந்து வந்தது எது என்பதைத்தான். வீட்டிலிருக்கும் கல்யாண நாடாவையோ ஊர்த் திருவிழாப் பதிவையோ காப்பகத்தில் ஏற்றுகிறவர்கள் இந்த வேலையைப் பாதியாகக் குறைத்துவிடலாம். எந்த வகை நாடா, எந்தக் கருவியில் ஓட்டியது, எந்த அமைப்பில் பதிவானது, பிறகு வெட்டியதோ பெரிதாக்கியதோ உண்டா என்று விவரக் குறிப்பில் நாலு வரி எழுதினால் போதும். அழகுபடுத்திய கோப்பை ஏற்றுவதாக இருந்தால், கருவியிலிருந்து வந்த கோப்பையும் அதே பதிவில் பக்கத்திலேயே வைத்துவிட வேண்டும்.